கடைக் கணினியில் லினக்ஸ்: பூட்டும் பராமரிப்பும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் என் பெரியப்பா மகன் நடத்தும் பூசைப் பொருள் கடையில் ஒரே ஒரு கணினி இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-6500 செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே பழைய 1 டிபி வன்தட்டு. இருப்புக் கணக்கு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸ், வங்கிப் பரிமாற்றம், ரசீது அச்சிடுவது ஆகியவற்றுக்கு மேல் அதற்கு வேலையில்லை; அவற்றை இன்றும் சுணக்கமின்றிச் செய்கிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இதிலுள்ளது போன்ற ஆறாம் தலைமுறை இன்டெல் செயலிகளோ விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட அண்ணனுக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவலாம் என்று முடிவெடுத்தோம்.

நிறுவுவது ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. அதன் பிறகு அந்தக் கணினியை யார், எப்படிப் பேணுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. நான் இருப்பது கோலாலம்பூரில். நாள்தோறும் அதன் முன் அமர்பவர் அண்ணி. கணக்கில் அவர் கெட்டிக்காரர், ஆனால் டெர்மினலைத் திறந்து கட்டளை அடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை, அப்படி ஒரு தேவையை உண்டாக்குவதும் முறையன்று. எனவே நான் செய்யும் ஒவ்வோர் ஏற்பாடும் நான் இல்லாதபோதும் தானாக ஓட வேண்டும், அல்லது அண்ணியின் அன்றாடப் பழக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் போன்ற வாசலையும் திறக்கவில்லை. ஏதேனும் சிக்கல் என்றால் அண்ணி திரையைப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறார், நான் அழைத்துப் பேசுகிறேன். எப்போதாவது தேவைப்படுகிற உதவிக்காக எந்நேரமும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"லினக்ஸுக்குத்தான் வைரஸே வராதாமே, தம்பி, இவ்வளவு எதற்கு?" என்று அண்ணன் கேட்டார். அது பாதி உண்மை. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கெடுநிரல் இங்கே நேரடியாக ஓடாது. ஓட்டைகள் இல்லை என்பது அதன் பொருளாகாது. நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ என்ற நிரலில் 2025 ஜூன் இறுதியில் வெளியான ஓட்டை ஒன்றே அதற்குப் போதுமான சான்று. ஒரு சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழு அதிகாரத்தை, பிடுங்க அது வழிவிட்டது. சூடோ 1.9.14 முதல் 1.9.17 வரையிலான பதிப்புகள் அதற்கு உள்ளாயின; மின்ட் 22க்கு அடித்தளமான உபுண்டு 24.04இல் இருந்ததும் 1.9.15தான். திருத்தம் புதுப்பிப்பாக வந்தது. அதைப் பெற்றுக்கொண்ட கணினிகள் தப்பின, பெறாதவை அப்படியே கிடந்தன. எந்த இயங்குதளமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

முதல் எச்சரிக்கை நிறுவலுக்கு முன்பே தொடங்குகிறது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, மின்ட் 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை, பின்கதவு பொருத்தப்பட்ட ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டனர். அன்று அதைப் பதிவிறக்கி நிறுவியவர்களின் கணினி, முதல் நாளிலேயே பிறர் கைக்குப் போயிருக்கும். ஆகவே ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையை, அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை, சரிபார்த்தேன். அதோடு நில்லாமல், அந்தக் கூட்டுத்தொகைக் கோப்பின் மீது மின்ட் குழு இட்ட ஜிபிஜி என்ற மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்த்தேன். தளத்துக்குள் புகுந்தவர் ஐஎஸ்ஓவை மாற்ற முடியுமானால், பக்கத்திலேயே இருக்கும் கூட்டுத்தொகையையும் மாற்ற முடியும்; கையொப்பத்தைப் போலியாக இடுவதுதான் அவருக்குக் கடினம். இந்த இரண்டாவது சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நிறுவும்போதே எஸ்எஸ்டி முழுவதையும், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி, எல்யூகேஎஸ் என்ற லினக்ஸ் முறையில் மறையாக்கம் செய்தேன். கடையில் வாடிக்கையாளர் பெயர்களும் வங்கி அறிக்கைகளும் இருக்கின்றன. கணினி திருடுபோகலாம், பழுதென்று கடைக்குப் போகலாம். இதற்கான விலை, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஒரு நீண்ட கடவுச்சொல்லை அடிப்பது. அது மறந்துபோனால் தரவை மீட்க வழியே இல்லை என்பதுதான் அண்ணியை அச்சுறுத்தியது. எல்யூகேஎஸ்ஸில் ஒரே வட்டுக்குப் பல கடவுச்சொற்களை வைத்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, கடை நகைப்பெட்டகத்தில் வைத்தோம். அதன் பிறகு, வட்டைத் திறக்கும் சாவி விவரங்கள் அடங்கிய தலைப்புப் பகுதியை ஒரு யூஎஸ்பி குச்சியில் நகலெடுத்தேன், ஏனெனில் அந்தச் சிறு பகுதி கெட்டுப்போனால் சரியான கடவுச்சொல் கையிலிருந்தும் பயனில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய தலைப்பு நகல் யாரிடமாவது இருந்தால் பழைய கடவுச்சொல்லாலேயே வட்டைத் திறந்துவிடலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய நகலை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும்.

கணினி எழும்பும்போது கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே ஓடவிடும் 'செக்யூர் பூட்' (Secure Boot) வசதியை அணைக்கவில்லை. தனி வரைகலை அட்டையோ, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியிலிருந்து இயக்கி கேட்கும் வைஃபை கருவியோ இல்லாததால் அதனால் எந்தத் தொல்லையும் வரவில்லை. வலைத்தொடர்புக்குக் கம்பியே போதுமானதாக இருந்தது.

பயனர் கணக்குகள் இரண்டு. நிர்வாகக் கணக்கு ஒன்று, அன்றாட வேலைக்கான சாதாரணக் கணக்கு ஒன்று. விண்டோஸில் எல்லாரும் நிர்வாகியாகவே உட்கார்ந்து பழகிவிட்டதால் அண்ணனுக்கு இது முதலில் அவமதிப்பாகத் தோன்றியது, "என் கடையில் எனக்கே அதிகாரம் இல்லையா" என்றார். நிர்வாகக் கடவுச்சொல் அவரிடமேதான் இருக்கிறது என்று காட்டிய பிறகு அமைதியானார்.

புதுப்பிப்புகளைத்தான் மிகுந்த யோசனைக்குப் பிறகு அமைத்தேன். மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில், விருப்பங்களுக்குள் தானியங்கு என்ற பகுதி இருக்கிறது. புதுப்பிப்புகளைத் தானாக நிறுவுவது, பழைய கெர்னல்களைத் தானாக நீக்குவது என்ற இரண்டு சொடுக்கிகளையும் இயக்கினேன். இரண்டாவதை அற்பம் என்று விட்டுவிடக் கூடாது. மறையாக்கம் செய்த நிறுவலில் கெர்னல்களுக்கென மறையாக்கமற்ற சிறு பிரிவு ஒன்று தனியே ஒதுக்கப்படுகிறது. பழைய கெர்னல்கள் அங்கே குவிந்து இடம் தீர்ந்துபோனால், புதிய கெர்னல் அரைகுறையாக நிறுவப்பட்டு நின்றுவிடும், அதோடு பிற புதுப்பிப்புகளும் சிக்கிக்கொள்ளும். தானியங்குப் புதுப்பிப்பு என்றாவது எதையாவது கெடுத்துவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் வருபவை பெரும்பாலும் திருத்தங்களே, புதிய வசதிகள் அல்ல. யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் புதுப்பிப்புப் பட்டியலைக் காட்டிலும், அமைப்பை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் கருவியின் நகலோடு கூடிய தானியங்குப் புதுப்பிப்பே இந்தக் கடைக்கு ஏற்றது.

ஆனால் தானாக நிறுவினால் மட்டும் கதை முடிந்துவிடாது. கெர்னலுக்கான திருத்தம் வட்டில் வந்து அமர்ந்தாலும், ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலாகவே இருக்கும்; மறுபடி இயக்கினால்தான் புதியது பொறுப்பேற்கும். கடை மூடும்போது கணினியைத் தூங்கவிட்டுப் போவதுதான் அண்ணியின் வழக்கம். மறையாக்கத்துக்கும் இதே வழக்கம்தான் எதிரி: தூங்கும் கணினியில் வட்டின் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது, முழுதாக அணைத்த கணினியில்தான் பூட்டு உண்மையில் பூட்டாகிறது. ஆக, இரவு கடையடைக்கும்போது முழுதாக அணைத்துவிடுவது என்ற ஒரே பழக்கம் இரண்டு வேலைகளை முடித்துவிடுகிறது. அண்ணியிடம் நான் கேட்டுக்கொண்ட புதிய பழக்கங்களில் முதன்மையானது இதுதான். எஸ்எஸ்டியில் கணினி எழும்ப அதிக நேரம் பிடிக்காததால் அவரும் முணுமுணுக்கவில்லை.

வலைவழி ஊடுருவலைத் தடுக்கும் தீயரண் (ஃபயர்வால்) மின்ட்டில் நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் இயக்கப்படாமல் வருகிறது. பட்டியில் தீயரண் அமைப்பு என்பதைத் திறந்து, நிலையை இயக்கத்துக்கு மாற்றி, உள்வருவதை மறு, வெளிச்செல்வதை அனுமதி என்ற இயல்பு விதிகளை அப்படியே விட்டேன். கடையின் வைஃபையை வாடிக்கையாளர்களும் கேட்டு வாங்குவதுண்டு. ரவுட்டரில் விருந்தினர் வலையைப் பிரித்து, கணக்குக் கணினி இருக்கும் வலையிலிருந்து ஒதுக்கினேன். பிறகு எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன என்று பார்த்ததில் கப்ஸ்-பிரவுஸ்ட் கண்ணில் பட்டது. வலையிலுள்ள அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பது அதன் பணி. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர் அதிலும் லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸின் தொடர்புடைய பகுதிகளிலும் உள்ள ஓட்டைகளை வெளியிட்டார். வலையிலிருந்து யூடிபி 631 என்ற எண்ணுள்ள வாயிலுக்கு வரும் எந்தச் செய்தியையும் கப்ஸ்-பிரவுஸ்ட் நம்பியது. பொய்யான அச்சுப்பொறி ஒன்றை இவ்வாறு சேர்த்துவிட்டு, அதில் ஒருவர் அச்சிட ஆணை கொடுத்ததும் அயலார் கட்டளை ஓடும்படி செய்ய முடிந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன என்றாலும், இங்குள்ள ரசீது அச்சுப்பொறி யூஎஸ்பி கம்பியில் இணைந்திருக்கிறது. வலையில் அச்சுப்பொறி தேடும் சேவைக்கு இங்கே என்ன வேலை? அதை நிறுத்தி, மறுபடி தொடங்காதபடி முடக்கினேன். வேண்டாத சேவையில் நாளை இன்னொரு ஓட்டை வந்தாலும் நமக்குக் கவலையில்லை.

அந்த ரசீது அச்சுப்பொறிதான் இந்த வேலையில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. பொருள்களின் பெயரை அண்ணி தமிழில்தான் தட்டுகிறார், தமிழ்99 விசைப்பலகை மின்ட்டின் அமைப்புகளிலேயே இருப்பதால் அதற்குத் தனி மென்பொருள் தேவைப்படவில்லை. ஆனால் அச்சுப்பொறிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. எனவே ரசீது முழுவதையும் படமாக மாற்றி அனுப்பும் வடிகட்டி நிரல் ஒன்று வேண்டும், அதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்துதான் பெற முடிந்தது. சுருக்கக் கோப்புக்குள் நிறுவல் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது, ரூட் அதிகாரத்தோடு ஓட்டச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாமல் அதை உரைத்தொகுப்பியில் திறந்து படித்தேன். அச்சுப்பொறியை விவரிக்கும் பிபிடி கோப்பு ஒன்றையும் ஒரு வடிகட்டியையும் உரிய அடைவுகளில் நகலெடுப்பதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒன்று மட்டும் உறுத்தியது: வடிகட்டிக்கு 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி எழுதலாம் என்ற அனுமதி, அதில் கொடுக்கப்பட்டிருந்தது.

அண்ணன் ஏற்கெனவே வேறொருவரைக் கொண்டு அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அச்சுப்பொறி பட்டியலில் தோன்றியது, அச்சிடச் சொன்னால் மட்டும் மௌனம். கப்ஸின் பிழைப் பதிவைத் திறந்தபோது காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: வடிகட்டியின் அனுமதிகள் பாதுகாப்பற்றவை. பிறர் எழுதக்கூடிய வடிகட்டியை ஓட்டக் கப்ஸ் மறுத்துவிடுகிறது. சாதாரணப் பயனர் ஒருவர் அந்தக் கோப்புக்குள் தம் நிரலை நுழைத்துவிட்டால், அச்சுச் சேவை அதைத் தன் பெயரில் ஓட்டிவிடும் என்பதே அதன் அச்சம். தயாரிப்பாளர் அவசரத்தில் திறந்துவிட்ட கதவைக் கப்ஸ் தானே சாத்திவிட்டது. உரிமையாளர் ரூட், அனுமதி 755 (உரிமையாளர் மட்டுமே திருத்தலாம், மற்றவர் படிக்கவும் ஓட்டவும் மட்டுமே) என்று மாற்றியதும் அச்சுப்பொறி உயிர்பெற்றது. விளக்கு எண்ணெயும் சூடமும் வாங்கியவருக்கு முதல் ரசீது தமிழில் போனது. இத்தகைய வேளையில் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துப் பார் என்ற அறிவுரை எளிதில் கிடைக்கும். இங்கே நோய்க்குக் காரணமே அதுதான்.

மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத்தான் விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். தேடுபொறியில் பெயரை அடித்து, முதலில் வரும் தளத்திலிருந்து பதிவிறக்கிச் சொடுக்குவது பல ஆண்டுப் பழக்கம். பிடிஎஃப் பக்கங்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று அண்ணி அதையேதான் செய்யப் போனார். மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் தேடினால் கிடைப்பவை, இயங்குதளத்துக்கென உள்ள மென்பொருள் களஞ்சியத்திலிருந்து கையொப்பத்தோடு வருபவை, புதுப்பிப்புகளோடு தாமும் புதுப்பிக்கப்படுபவை. வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டது பெரும்பாலும் போட்ட நாளிலேயே நின்றுவிடும், அதன் ஓட்டையை அடைக்க யாரும் வரமாட்டார்கள். "ஊர் பேர் தெரியாதவரிடம் கற்பூரம் வாங்கிக் கடையில் வைப்பீர்களா, அண்ணி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த வேலைக்கான பிடிஎஃப் அரேஞ்சரைக் களஞ்சியத்திலிருந்தே நிறுவச் சொன்னார். எந்த லினக்ஸிலும் ஓடும்படி பொதியப்பட்ட ஃபிளாட்பேக் மென்பொருள்களிலும் இதே விதிதான். மின்ட் 22 சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. அந்த அமைப்பை மாற்றாமல் விட்டேன். தனிநபர் களஞ்சியங்களான பிபிஏக்களை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஒரு பிபிஏவைச் சேர்ப்பது, அதை நடத்துபவருக்கு நம் கணினியின் ரூட் அதிகாரத்தையே ஒப்படைப்பதற்குச் சமம்.

வைரஸ் வருடி எதையும் நிறுவவில்லை. கடையில் கைமாறும் யூஎஸ்பி குச்சிகளில் விண்டோஸ் கெடுநிரல்கள் வருவதுண்டு, அவை இங்கே ஓடுவதில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் ஒயின் (Wine) மென்பொருளை நிறுவாமல் இருக்கும் வரை அந்த நிலை தொடரும்.

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. வங்கியின் பெயரில் வரும் போலித் தளத்துக்கு, அதைத் திறப்பது எந்த இயங்குதளம் என்பது ஒரு பொருட்டே இல்லை. கடவுச்சொற்களைக் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் சேர்த்து, உலாவி நீட்சியோடு இணைத்தேன். முகவரி பொருந்தாத தளத்தில் அது கடவுச்சொல்லை நிரப்பாது. நிரப்ப மறுத்தால் கையால் அடிக்க வேண்டாம், எனக்குப் படம் அனுப்புங்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் என்னை அழைப்பதற்கு முன் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும் என்பதைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நகல்களைப் பற்றி அண்ணனுக்கு ஒரு தவறான நிம்மதி இருந்தது. டைம்ஷிஃப்ட் நாள்தோறும் ஓடுகிறதே என்றார். டைம்ஷிஃப்ட் காப்பது அமைப்பை மட்டுமே. இயல்பான அமைப்பில் பயனரின் கோப்புகளை அது தொடுவதில்லை. கெட்ட புதுப்பிப்பிலிருந்து பின்வாங்க அது உதவும், அழிந்த கணக்குப் புத்தகத்தை மீட்க உதவாது. அந்த நகல்களை எஸ்எஸ்டியிலேயே வைத்தால் எஸ்எஸ்டியோடு சேர்ந்து அவையும் போகும் என்பதால், பழைய 1 டிபி வன்தட்டுக்குத் திருப்பினேன். அமைப்பின் நகலுக்குள் பயனர் கடவுச்சொற்களிலிருந்து உருவாக்கப்பட்ட சுருக்கக் குறிகள் இருக்கும். ஒரு வட்டைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து போடுவதில் பொருளில்லை. எனவே வன்தட்டையும் மறையாக்கம் செய்து, அதன் சாவிக் கோப்பை ரூட் மட்டுமே படிக்கும்படி எஸ்எஸ்டிக்குள் வைத்து, எழும்பும்போது எந்த வட்டை எப்படித் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அண்ணி ஒரு கடவுச்சொல்தான் அடிக்கிறார், இரண்டும் திறக்கின்றன.

கணக்குக் கோப்புகளுக்கு டேஜா டூப் என்ற கருவி. வெளிவட்டுகள் இரண்டு, ஒன்று கடையில், மற்றொன்று தண்ணீர்மலைப் பக்கம் அண்ணனின் வீட்டில், வாரந்தோறும் இடம் மாறுகின்றன. நகலெடுத்ததோடு விடாமல், வீட்டில் உள்ள வட்டை என் மடிக்கணினியில் செருகி, சென்ற ஆண்டின் விற்பனை விரிதாள் ஒன்றை மீட்டுத் திறந்து பார்த்தேன். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வேலையை அண்ணியும் ஒருமுறை தம் கையால் செய்து பழகிக்கொண்டார்.

பினாங்கு போகும்போது நானே பார்ப்பவை சிலவே. டிஸ்க்ஸ் என்ற கருவியில் இரு வட்டுகளும் தம் உடல்நிலையைப் பற்றித் தாமே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் நிலையைப் பார்க்கிறேன். கடற்கரை ஊரின் ஈரமும் சாம்பிராணித் தூளும் சேர்ந்து விசிறியில் ஒட்டிக்கொள்வதால் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்கிறேன். நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலில் எனக்குத் தெரியாத பெயர் ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்று கண்ணோட்டுகிறேன். தாய்ப்பலகைக்குப் புதிய பயாஸ் இனி வரப்போவதில்லை. இன்டெல் வெளியிடும், செயலியின் உள்நிரலான மைக்ரோகோடுக்குரிய திருத்தங்கள் மட்டும் ஒரு பொதியாக வந்து, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் செயலியில் ஏற்றப்படுகின்றன.

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. இடையில் வரும் 22.1, 22.2 போன்ற உட்பதிப்புகளுக்கு மாறுவதற்கு மீண்டும் நிறுவத் தேவையில்லை, புதுப்பிப்பு மேலாளரின் திருத்து பட்டியிலேயே அதற்கான வரி தோன்றும். அந்த மாற்றம் மட்டும் தானாக நடக்காது. அதை அண்ணியிடம் விடாமல், டைம்ஷிஃப்ட் நகல் ஒன்றைக் கையால் எடுத்து, வெளிவட்டிலும் கணக்குகளைச் சேமித்த பிறகு, கடை மூடியிருக்கும் நாளில் நானே செய்கிறேன். மாற்றம் முடிந்ததும் முதலில் பார்ப்பது ரசீது வடிகட்டியைத்தான்: அது களஞ்சியத்தில் இல்லாத ஒரே பொருள் என்பதால், அதன் அனுமதி 755ஆகவே இருக்கிறதா, தமிழ் எழுத்து சிதையாமல் அச்சாகிறதா என்று ஒரு மாதிரி ரசீதை அடித்துப் பார்த்துவிடுகிறேன்.